சிவப்புக்குச் சிவப்பு

மாடிப் பால்கனியில் இருந்த செடியைக் காட்டி, "அது என்ன விலை?" என்று காண்ட்ராக்டர் கேட்டதும், ரிப்பன்காரர் எந்த வியாபாரியும் செய்வதைத்தான் செய்தார். காதில் விழாததுபோல் மேசையைத் துடைத்தார். கேட்டவுடன் பதில் சொன்னால் சரக்கின் மதிப்பு இறங்கிவிடும். இன்னொரு தடவை கேட்கட்டும் என்று காத்திருந்த அந்த இடைவெளியில், அது விற்கிறதுக்கு இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்ததாகக்கூடப் பிற்பாடு தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டார். ஆனால் காண்ட்ராக்டர் இன்னொரு தடவை கேட்கவில்லை.

"விலைய நீங்களே சொல்லுங்க" என்றுவிட்டார்.

வாழ்நாள் முழுக்க ஆளாளுக்கு விலையைக் குறைத்துக் குறைத்துக் கேட்டதைக் கேட்டே காது காய்த்துப்போன ஒரு மனிதரிடம் இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லலாமா? அவர் கால்கள் அவரைக் கேட்காமலே படியேறின.

அன்று சீசனின் கடைசி நாள். வருஷம் முடிகிற வாரங்களில் ஊரே ஊருக்குப் பூச்செடி கொடுக்கும். மருமகள் மாமியாருக்கு, குமாஸ்தா மேலாளருக்கு, வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரருக்கு. மேலிலைகள் ரத்தச் சிவப்பாகி, பூவென்றே எல்லாரும் நம்பும் அந்தச் சிவப்பிலைச் செடிதான் அதில் ராஜா. பண்ணைக்காரன் குட்டையாய் நிற்க மருந்தடித்து, இருட்டறையில் பூட்டிச் சிவக்கவைத்து, வண்டி வண்டியாய் அனுப்புவான். அது கொடுத்தவர் முகம் மறக்கிறவரை நின்றால் போதும், பிறகு இலை கொட்டிச் சாகும். அதனால் தப்பில்லை, அடுத்த வருஷமும் வாங்குவார்கள். வாங்குகிற ஒவ்வொருவரிடமும் ரிப்பன்காரர், "கைராசிக்காரங்க நீங்க. தண்ணி மட்டும் காட்டுங்க, காலத்துக்கும் நிக்கும்" என்பார். சொல்லும்போது கண்கூடச் சிமிட்டமாட்டார்.

ரிப்பன்காரர் என்ற பெயர் சும்மா வரவில்லை. வந்த செடியைப் பிரிக்காமலே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது சீசனில் நடப்பதுதான் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவர். பெயர் எழுதிய அட்டையை ரிப்பனோடு கட்டாமல், ஒரு நூலில் தனியாகத் தொங்கவிட்டார். நூலைச் சுண்டி இழுத்தால் அட்டை கையோடு வரும், முடிச்சு கட்டியது கட்டியபடி நிற்கும். புது அட்டையைக் கோத்தால் புதுப் பரிசு. வாங்குகிறவர்களிடம் இதைக் காதோடு காதாகச் சொல்லிச் சிரிப்பார். அவர்களும் சிரித்துக்கொண்டு எதிர்க்கடையை விட்டு இவரிடம் வந்தார்கள்.

இத்தனை செடி விற்றவர் ஒரு செடியை வளர்த்ததில்லை. மாடியில் வளர்த்தது அவர் மனைவி. அதுவும் ஒரே ஒரு செடி.

அதை வாங்கி வந்தது மகள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கென்று வாங்கியவள், அப்பா கடையில் வாங்கினால் அது பரிசாகாது என்று எதிர்க்கடையில் வாங்கிவிட்டாள். விலையைக் கேட்டு, "ஒன் தலையில மொளகா அரச்சுட்டான்" என்று ரிப்பன்காரர் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பதற்கில்லாத சங்கதிகள் நடந்தன. மகள் தானாக ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை வாசலில் நிற்கும்போதே, அவன் காதில் விழும்படி, "வெல பேசாம எடுத்த சரக்கு" என்றார் இவர். அன்று படியிறங்கியவள்தான். அம்மாவோடு போனில் பேசுவாள், அப்பா எடுத்தால் வைத்துவிடுவாள்.

செடியும் இலை கொட்டிக் குச்சியானது. மனைவி அதைப் பழைய பால்மாவு டப்பாவுக்கு மாற்றினாள். குச்சி துளிர்த்தது. ஒருமுறை காற்றில் சாய்ந்து தண்டு பாதி ஒடிந்தபோது துணி சுற்றிக் கட்டினாள், அந்த இடம் முட்டியெலும்பு மாதிரி முடிச்சிட்டு நின்றது. பச்சையாக வளர்ந்ததே தவிரச் சிவக்கவில்லை. மகள் வரப்போவதாகச் சொன்ன பிறகு, தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து செடிமேல் கவிழ்ப்பாள். விடிந்ததும் எடுப்பாள். எந்த வேலை இருந்தாலும் அந்த நேரத்துக்கு வீட்டில் இருப்பாள். எதற்கு இந்தக் கூத்து என்று ஒருநாள் இவர் கேட்டார். "செவக்கிறதுக்குத்தாங்க இருட்டு. துளிர் விடுற காலத்துல வெளிச்சம் வேணும். மாத்திச் செஞ்சா போச்சு" என்று அவள் விளக்கமாகத்தான் சொன்னாள். இவர் அப்போது பண்ணைக்காரனோடு போனில் வண்டி வாடகையைக் குறைத்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

சிவந்தது. கடைச் செடிபோல் குட்டைக் குடையாக இல்லை. மரத் தண்டும், ஒழுங்கில்லாத கிளைகளும், நுனி நுனியாய்ச் சிவப்புமாகத் தெருவிலிருந்து பார்த்தாலே கண்ணைப் பிடித்திழுத்தது. காண்ட்ராக்டரையும் அப்படித்தான் பிடித்தது. கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கும் பெரிய என்ஜினியருக்கு, ஊரில் எவனும் கொடுக்காத ஒன்றைக் கொடுக்கவேண்டும் என்று வந்தவர் அவர். மனைவி, மகள் வருகிறாளென்று புதுத் தலையணை உறை வாங்கப் போயிருந்தாள். நாளைக் காலையில் பண்ணையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் ஆயிற்று, சிவப்புக்குச் சிவப்பு என்று கணக்குப் போட்டபடி, ரிப்பன்காரர் டப்பாவின்மேல் மினுங்கு தாளைச் சுற்றி, தன் பெயர் பெற்ற முடிச்சைப் போட்டார்.

மனைவி திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. கைப்பையை வைத்த கையோடு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். டப்பா இருந்த இடத்தில் ஈரமான ஒரு வட்டம் மட்டும் இருந்தது. பெட்டியோடு திரும்பி வந்து நின்றாள்.

இவர் விலையைச் சொன்னார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவள் வளர்த்ததற்கு ஊரே கொடுக்காத மதிப்பு என்று அவளுக்கும் ஒரு பங்கு ஒதுக்கினார். அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் இவருக்குச் சமாளிக்கத் தெரியும்.

"நாளன்னிக்கு அவ வர்றா" என்றாள். "செவந்திருக்குன்னு சொல்லியிருக்கேன்."

அவ்வளவுதான். பெட்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இரவுச் சாப்பாடு நேரத்துக்கு வந்தது, கேட்டதெல்லாம் தட்டில் விழுந்தது. ஆனால் மறுசோறு வேண்டுமா என்று கேட்க ஆளில்லை. அப்போதுதான் ரிப்பன்காரருக்கு, தான் கைவைத்தது சரக்கில் அல்ல என்பது மெதுவாக உறைத்தது.

காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்தார். காண்ட்ராக்டர் கையை விரித்தார், செடி நேற்றே என்ஜினியர் வீட்டுக்குப் போய்விட்டதாம். என்ஜினியர் வீட்டம்மா நடையிலேயே வழிமறித்தாள். வந்த செடிகள் மாடிப்படி வரை அடைத்து நிற்கின்றன, அந்தக் காட்டுமரத்தை யார் வைத்துக்கொள்வது, ராத்திரியே பல் டாக்டருக்குக் கொடுத்தனுப்பிவிட்டோம் என்றாள். "ரிப்பன் கூடப் பிரிக்கல. அட்டைய மட்டும் மாத்தினோம். நல்ல ஏற்பாடு" என்று அவரையே பாராட்டினாள். அவர் கும்பிட்டுவிட்டு வந்தார். தன் முடிச்சு தன் கழுத்தில்தான் விழுந்திருக்கிறது என்பதை ஸ்கூட்டரை உதைக்கும்போது உணர்ந்தார், வண்டி வேறு கிளம்ப மாட்டேன் என்றது.

பல் ஆஸ்பத்திரியில் நுழைந்ததுமே கண்ணில் பட்டது. வரவேற்பு மேசைமேல் கண்ணாடிக் குடுவையில், தண்ணீருக்குள் காம்பை விட்டுக்கொண்டு, சிவப்பு நுனிகள் மட்டும் கொத்தாய் நின்றன. மேசைக்குப் பின்னாலிருந்த பெண், பல்வலிக்கு வந்தவரென்று நினைத்துச் சீட்டை எழுதத் தொடங்கினாள். இவர் விஷயத்தைச் சொன்னார்.

"அந்தக் குச்சியா? பாக்கவே சகிக்கல சார், அதான் தலைய மட்டும் வெட்டி வெச்சேன். பின்னாடி பக்கெட் பக்கத்துல கெடக்கு, எடுத்துக்கோங்க" என்றாள். பெரிய உதவி செய்த திருப்தி அவள் முகத்தில் இருந்தது.

துடைப்பங்களுக்கு நடுவில் மினுங்கு தாள் சுற்றிய டப்பா. அதில் முடிச்சிட்ட தண்டும், வெட்டுப்பட்ட கிளைகளும், ஓர் இலைகூட இல்லாமல். ரிப்பன் மட்டும் கட்டுக் குலையாமல் இருந்தது. ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் டப்பாவை நுழைக்கும்போது ஒரு கிளை ஒடிந்து, அதிலிருந்து வெள்ளைப் பால் சொட்டி அவர் விரலில் வழிந்தது. வேட்டியில் துடைத்தார். பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு நின்றது. சரக்கில் பால் வடியும் என்பது இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரியாது.

இப்படியே கொண்டுபோய் அவள் முன்னால் வைப்பதா? வழியெல்லாம் மனத்துக்குள் பேரம் நடந்தது. உள்ளதைச் சொன்னால் நஷ்டம் உறுதி, சொல்லாவிட்டால் தப்பிக்க வழி உண்டு. பண்ணைப் பக்கம் வண்டியைத் திருப்பினார். விற்காதென்று கழித்துப் போட்டிருந்த செடிகளில் உயரமான ஒன்றைப் பொறுக்கி எடுத்து, குச்சியை வேரோடு பிடுங்கிச் சாக்கில் சுற்றி, புதுச் செடியை அந்தப் பழைய டப்பாவுக்குள் இறக்கினார். மேல்மண்ணைக்கூட அதே பழைய மண்ணாகப் போட்டார். கலப்படத்திலும் ஒரு நேர்த்தி வேண்டும் அல்லவா?

"கெடச்சிடுச்சு" என்று பால்கனியில் கொண்டுபோய் வைத்தார். "கொஞ்சம் கெள ஒடஞ்சிருந்துச்சு, செதுக்கிட்டேன்."

மனைவி குனிந்தாள். இலையைப் பார்க்கவில்லை. டப்பாவைத் தொட்டாள், பிறகு தண்டின் நடுப்பகுதியைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவினாள். பென்சில்போல் வழவழவென்று பச்சையாக இருந்தது தண்டு. விரல் ஓர் இடத்தில் நின்று எதையோ தேடியது. நிமிர்ந்து, "சரி" என்றாள். ரிப்பன்காரர் மூச்சுவிட்டார். எதிராளி வாயை மூடினால் பேரம் படிந்ததென்றே அவர் தொழிலில் அர்த்தம். அன்று பொழுது சாய்ந்தது. பெட்டி சுவரோரமே சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்தும் பாராதவராக அவர் விளக்கைப் போட்டார்.

மகள் மறுநாள் மதியம் வந்தாள். மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்கவில்லை, பார்க்கிங் கிடைக்கவில்லையாம். தெருவே காலியாகக் கிடந்ததை மூவருமே பார்த்தார்கள், மூவருமே தலையாட்டினார்கள். உடம்பு பூசியிருந்தாள். அப்பாவைப் பார்த்து, வங்கியில் தெரிந்தவரைப் பார்த்ததுபோல் ஒரு புன்னகை செய்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, வந்த வேலை அதுதான் என்பதுபோல் பால்கனிக்கு எழுந்து போனாள்.

அங்கே வெகுநேரம் நின்றாள். டப்பாவின் துருவைத் தடவினாள். திரும்பியபோது முகம் வேறாக இருந்தது. நேரே அவரிடம் வந்தாள்.

"செவந்திருக்குன்னு அம்மா சொன்னதுமே எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சுப்பா. சீசன் வேற. நீங்க வித்துடுவீங்கன்னுதான் நெனச்சேன்" என்றாள். கொஞ்சம் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "வெச்சிருக்கீங்களே."

அப்பா என்ற சொல் அந்த வீட்டில் கேட்டு எத்தனை காலமாயிற்று. ரிப்பன்காரர் பிசின் கறுத்துப்போயிருந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

"எடுத்துட்டுப் போ. ஒனக்குன்னு வெச்சதுதான்."

"ஐயோ, எனக்கு வளக்கத் தெரியாதும்மா. என் கையில செத்துப்போயிடும்."

"கைராசிக்காரிடி நீ" என்றாள் மனைவி. மகளிடம் பேசினாள், கண் மட்டும் கணவர்மேல் இருந்தது. "தண்ணி மட்டும் காட்டு, காலத்துக்கும் நிக்கும். என்னங்க, நீங்கதானே தெரிஞ்சவங்க. சொல்லுங்க அவளுக்கு."

மகள் அவர் முகத்தையே பார்த்தாள். அத்தனை வருஷம் பார்க்காத கண்ணால், நம்பிக்கையோடு பார்த்தாள். கடையில் ஆயிரம் பேரிடம் சொன்ன வார்த்தைதான். இந்தத் தடவை கண் சிமிட்டியது.

"நிக்கும்மா" என்றார். "காலத்துக்கும் நிக்கும்."

"ஒரு ரிப்பனும் கட்டிக் குடுங்க" என்றாள் மனைவி.

கட்டிக் கொடுத்தார். பழக்கத்தில் கை தானாகவே அட்டைக்கான நூலையும் தொங்கவிட்டது. அட்டையில்லாத அந்த நூல் மகள் படியிறங்கும்வரை ஆடிக்கொண்டே போனது. கீழே வண்டிக்குள் மாப்பிள்ளை செடியை வாங்கிப் பின்சீட்டில் வைத்துவிட்டு, முதல்முறையாக மாடியை நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தான். இவரும் கையை உயர்த்தினார். இன்னும் சில வாரத்தில் இலை கொட்டத் தொடங்கும். தண்ணீர் அதிகமாயிற்றோ குறைந்ததோ என்று அவள் தன்னைத்தான் நொந்துகொள்வாள். அம்மாவிடம் சொல்லவும் கூசுவாள்.

வண்டி மறைந்த பிறகு மனைவி அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"கடைக்கு ஆகும். எடுத்துட்டுப் போங்க" என்றாள். "இங்க இனிமே எதுக்கு?"

கீழே இறங்கினார். சீசன் முடிந்ததால் மறுநாளிலிருந்து கடைக்கு ஒரு வாரம் விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்கட்டில் போட்டு வைத்திருந்த சாக்கைப் பிரித்தார். குச்சியின் வேரில் இன்னும் ஈரம் இருந்தது. அதற்கு ஒரு தொட்டி தேடியபோது, வாழ்க்கையில் முதல்முறையாக, மண்ணை எவ்வளவு அழுத்துவது என்று யாரைக் கேட்பதென்று தெரியாமல் நின்றார். மாடியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கேட்கப் போகவில்லை. தன் போக்கில் நட்டு, கையால் அள்ளித் தண்ணீர் தெளித்தார். வெட்டுப்பட்ட நுனியொன்றில் பால் உறைந்து வெள்ளைப் பொட்டாக நின்றது.

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவள் தினமும் இந்த நேரத்தில் செய்வது நினைவுக்கு வந்தது, அதைப் பற்றி அவள் சொன்னது வரவில்லை. பெட்டியைத் தூக்கி, அவளைப் போலவே இரண்டு கையாலும் பதமாகக் குச்சியின்மேல் கவிழ்த்தார். ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. கறுத்த விரலால் அந்த ஓரத்தையும் அழுத்தி, துளி வெளிச்சமும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டினார்.