இறக்கையின் சூடு

காலையில் எழுந்து பல் துலக்கினேன். டீ போட்டேன், குடித்தேன். கதவைப் பூட்டிவிட்டு விமான நிலையத்துக்கு வேலைக்குப் போனேன். மூடுபனியில் விமானங்கள் தரையைத் தொடாமல் மிதப்பதுபோல் நின்றன.

இறக்கையில் பனிக்கட்டி பிடிக்காமலிருக்க, எஞ்சினின் சூடான காற்றைக் குழாய் வழியாக அதன் முன்விளிம்புக்குள் அனுப்புவோம். அன்றைய சோதனை முடிந்து எஞ்சின் நின்றதும், கையுறையைக் கழற்றி விளிம்பைத் தொட்டேன். உள்ளே யாரோ தூங்குவதுபோல் இளஞ்சூடு. கையை எடுக்க மனம் வரவில்லை.

“என்னப்பா, இறக்கைக்குக் காய்ச்சலா?” என்றார் ஃபோர்மேன்.

போன் அடித்தது. மாமியார். அவர் மகள், என் மனைவி, இறந்ததிலிருந்து அவர் கேட்பது ஒன்றுதான்.

“கடைசியா என்ன சொன்னா மாப்பிள்ளை? என்னைக் கேட்டாளா?”

எப்போதும் பேச்சை மாற்றிவிடுவேன். அவள் அம்மாவைக் கேட்கவில்லை என்பதை எந்த வாயால் சொல்வது? இன்று மாற்றுப் பேச்சு எதுவும் வரவில்லை. கை இன்னும் இறக்கைமேல்தான் இருந்தது.

“வேலையிலேர்ந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் நெத்தியில கை வச்சேன், அத்தை. கண்ணைத் திறக்காமலே சிரிச்சா. அவ சொன்னபடி வெளியே போய்த் திரும்பி வர்றதுக்குள்ள போயிட்டா.”

“என்ன சொன்னா?”

“‘ஐயோ, ஐஸ் கட்டி! போய்க் கையைச் சூடு பண்ணிட்டு வாங்க.’”