சாக்கு வீரனுக்கு ஒரு முகம்

1

1979 பெப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை, பகல் ஒன்று ஐம்பது. இந்தக் கதை பிறந்த நேரம் அது. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, கல்முனையில் பெயர்ப்பலகை எழுதும் மக்கீனின் கடையில் உட்கார்ந்திருந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன். சிறுவர்களுக்கு நான்கு பக்கத்தில் ஒரு மாதப் பத்திரிகை நடத்த எண்ணியிருந்தேன். அதற்கு ஒரு படக்கதை வேண்டும். பறந்து திரிந்து ஊரைக் காக்கும் ஒரு வீரன் வேண்டும்.

"முகம் மட்டும் கேக்காதீங்க மாஸ்டர்," என்றான் மக்கீன். "உசிருள்ளதுக்கு முகம் வரைஞ்சா மறுமையில 'இதுக்கு உசிர் குடு' எண்டு கேப்பாங்க. நான் எங்க போற?"

"முகமில்லாம வீரனா?"

மூலையில் கிடந்த நெல்லுச் சாக்கில் கத்தியால் இரண்டு ஓட்டை போட்டுத் தன் தலையில் கவிழ்த்தான். சிரித்தோம்.

[சிரித்தோம் என்பது உண்மை. வெட்டிவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.]

2

இந்தக் கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: "புயலடித்து மூன்று மாதமான ஊரின் மேல் சாக்கு வீரன் பறந்து..."

விட்டுவிட்டேன். அவன் பறந்ததை எழுத இப்போது கை வரவில்லை.

முதல் இதழில், கூரை போன வீடுகளுக்குத் தகரம் சுமந்தான். சாக்குக்குள்ளிருந்து பேசினால் வெளியே கேட்காது என்றான் மக்கீன். ஆகவே வீரன் பேசமாட்டான், தலையை மட்டும் ஆட்டுவான் என்று நான் தீர்மானித்தேன். (சாக்கு மக்கீனுடையது. தலையாட்டல் என்னுடையது.) பிள்ளைகள் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒழுங்கைகளில் ஓடினார்கள்.

3

1986 ஏப்ரல் இதழில் கரைவலை இழுக்க ஆள் போதவில்லை. கடற்கரையில் வரிசையாக நின்றவர்களில் ஐந்து பேரைப் பார்த்து வீரன் தலையாட்டினான். ஐவரும் போய் வலை இழுத்தார்கள்.

மே மாதம் இராணுவச் சுற்றிவளைப்பு. ஆண்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஜீப்பில் ஒருவன் இருந்தான். தலையில் நெல்லுச் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் பேசவில்லை. ஐந்து பேரைப் பார்த்துத் தலையாட்டினான். இராணுவம் ஏற்றிப்போன ஐவரும் திரும்பி வரவில்லை.

[இங்கே "தற்செயலாக" என்ற சொல்லைப் போட்டுப் பார்த்தேன். அது நிற்கவில்லை.]

4

வீரனின் பேர் கெட்டது. பத்திரிகைகள் திரும்பி வந்தன. அவன் இருந்த பக்கம் மட்டும் கிழிக்கப்பட்டிருந்தது. அவனை நல்லவனாகக் காட்ட வேண்டும் என்று, சாகாமம் குளத்தில் மூழ்கிய பிள்ளையை அவன் தூக்கிக் கரையில் விடுவதாக எழுதிக் கொடுத்தேன். மக்கீன் வரைந்து அனுப்பினான். கடைசிக் கட்டத்தில் பிள்ளை திரும்பவும் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் இப்படி எழுதல்லியே மக்கீன்?"

"சாக்கைக் கண்டா அந்தப் புள்ள வேற என்ன செய்யும் மாஸ்டர்?"

5

திரும்பி வராத ஐவரில் ஒருவன் ஜெமீல். அவனுடைய மனைவி றாஹிலா ஏப்ரல் இதழோடு, பத்திரிகை அடிக்கும் அச்சகத்துக்கு வந்தாள். [அவளை அழவைத்து ஒரு பக்கம் எழுதினேன். அவள் அழவில்லை. கிழித்துவிட்டேன்.]

"இந்தச் சாக்குக்குள்ள ஆரு?"

"ஒருத்தருமில்ல தங்கச்சி. வெறும் படம்."

"வெறும் படமெண்டா கழட்டிக் காட்டுங்களேன்."

அச்சுக் கோக்கும் தம்பிமுத்து வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பாண்டிருப்புக்காரர், அதிகம் பேசமாட்டார்.

"அடுத்த இதழ்ல கழட்டுறம்," என்றேன்.

"அடிக்கிற அண்டைக்கு வருவன். மத்தப் பொம்புளைகளும் வருவாங்க. முகத்தப் பாப்பம். மறுகா என்ன செய்யிற எண்டு எங்களுக்குத் தெரியும்."

6

"எந்த முகத்தப் போட்டாலும் ஊர்ல ஒருத்தன்ட முகமாத்தான் வரும்," என்றான் மக்கீன். "சனம் அவனத் தேடிப் போய் அடிக்கும். அவன் மய்யித்து."

"ஒருத்தரையும் போல இல்லாம வரை."

"மீன்ட முகத்த வெக்கட்டா? அறுக்குளா?"

நான் சிரிக்கவில்லை. அவனும்தான்.

"முகமில்லாட்டி உசிர் வராது எண்டுதானே மாஸ்டர் சாக்கப் போட்ட," என்றான். "உசிர் வந்திட்டே."

7

மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

ஒன்று: சாக்கைக் கழற்றினால் உள்ளே வெறும் காற்று. றாஹிலா நம்பமாட்டாள்.

இரண்டு: கழற்றக் கழற்ற இன்னொரு சாக்கு. அழகாக இருந்தது. அதனாலேயே விட்டுவிட்டேன்.

மூன்றாவது மக்கீன் அனுப்பியது. அவன் ரப்பர் தகட்டில் செதுக்கிக் கட்டையில் ஒட்டி அனுப்புவான். அச்சுக்கட்டையில் எல்லாம் இடம் வலம் மாறியிருக்கும். ஆகவே அது நான் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கும் முகம். மூக்கோரத்து மருவும் அதே பக்கம். கூடவே ஒரு துண்டுக் கடிதம்:

"மாஸ்டர், ஏழு வருசமா எனக்கு முன்னால இருந்த முகம் இது ஒண்டுதான். வேற முகம் கைக்கு வரல்ல. மன்னிச்சிருங்க."

அன்று மைதானத்து வரிசையில் நான் நிற்கவில்லை. காய்ச்சலில் படுத்திருந்தேன். [இந்த வாக்கியத்தை நான்கு தரம் எழுதினேன். ஒவ்வொரு தரமும் வேறு நோய் வந்தது.]

8

இன்று அச்சடிக்கும் நாள். றாஹிலா வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். வாசலில் ஆறேழு பெண்கள் நிற்கிறார்கள். தம்பிமுத்து எழுத்தையெல்லாம் சட்டத்தில் பூட்டிவிட்டார். கடைசிக் கட்டம் மட்டும் வெற்றிடம்.

முகத்தோடு அடித்தால் அகப்படுவது நான். வெறுமையாக அடித்தால் இவர்கள் நேரே மக்கீனின் கடைக்குப் போவார்கள். வரைகிறவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்பார்கள்.

கட்டை என் கையில் இருக்கிறது, முகம் உள்ளங்கைப் பக்கமாக. இதற்கு மேல் நான் எழுதினால் அது எனக்குச் சாதகமாகவே வரும். நீங்கள் எழுதுங்கள்.

தம்பிமுத்து கையை நீட்டுகிறார்.

"கட்டையத் தாங்க மாஸ்டர். ஏன் இப்படிப் பொத்திப் பிடிச்சிருக்கிறீங்க?"