புயல் செய்கிறவர்கள்

விடிவதற்குள் குளத்தை நிரப்பியாக வேண்டும். குளம் என்று நாங்கள்தான் சொல்வோம். படம் பார்க்கிறவர்களுக்கு அது நடுக்கடல். பன்னிரண்டடி ஆழச் சிமெண்டுத் தொட்டி, ஒன்பது நாளாக மாற்றாத தண்ணீர். இறங்கியவன் தொடையைச் சொறியாமல் கரையேறியதில்லை. ராத்திரியில் கசிந்து இறங்கியதை இரண்டு குழாய் வைத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் நாலு பேரும் லாரி எஞ்சின் பூட்டிய காற்றாடியைத் தள்ளிக்கொண்டு போய் விளிம்பில் நிறுத்தினோம். சக்கரத்துக்குக் கல் வைத்து, டீசல் ஊற்றி முடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. என்னை ஃபேன்காரன் என்பார்கள். நான் விசையைத் திருப்பினால்தான் புயல்.

படத்தின் கதை இதுதான்: புயலில் ஒரு படகு மாட்டிக்கொள்கிறது. அதில் இருக்கும் பதினோரு பேரையும் கதாநாயகன் ஒரே ஆளாகக் குதித்துக் காப்பாற்றுகிறார். கதாநாயகனுக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முகத்தைக் காட்டிவிட்டுப் போவார். குதிப்பது, மூழ்குவது, மூச்சுத் திணறுவது எல்லாம் டூப்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி என் அக்கா. துணை நடிகை. இருபது வருஷமாகத் தீயில், வெள்ளத்தில், பஸ் உருண்டதில் என்று எத்தனையோ தடவை செத்திருக்கிறாள். “இந்தப் படத்துலதான்டா என்னைக் காப்பாத்துறாங்க” என்று அன்றைக்குக் காலையில்கூடச் சிரித்தாள். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

நான் சந்தேகப் பிராணி. யாராவது வழக்கத்துக்கு மாறாகச் சிரித்தாலே, இவனுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று யோசிப்பேன். அன்றைக்கும் ஒன்று உறுத்தியது. முதல் வாரத்தில் குளத்தைச் சுற்றிக் காவலுக்கு நாலு நீச்சல்காரர்கள் நின்றார்கள். பிறகு இரண்டு பேர் ஆனார்கள். அன்றைக்கு ஒருத்தரும் இல்லை. மேனேஜரிடம் கேட்டேன்.

“வேற யூனிட்டுக்குப் போயிருக்காங்க. உனக்கென்ன, நீயா தண்ணியில குதிக்கப் போற? உன் வேலையைப் பாரு.”

பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு என் வேலையைத்தான் பார்த்தேன்.

குளத்தின் தலைமாட்டில் இரும்புச் சாரம். அதன் உச்சியில் இடது வலதாக இரண்டு தொட்டிகள். நெம்புகோலை இழுத்தால் தொட்டி கவிழும். தண்ணீர் சரிவுப் பலகையில் உருண்டு வந்து படகின்மேல் அறையும். அதுதான் அலை. இரண்டு நெம்புகோலுக்கும் ஒரே ஆள், தண்ணியண்ணன். வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொடாத மனுஷனுக்கு இப்படி ஒரு பெயர் வந்து வாய்த்தது. காதில் வாக்கிடாக்கி மாட்டிக்கொண்டு மேலே உட்கார்ந்திருப்பார். முதலில் இடது. படகு சாய்ந்து நிமிர்ந்த பிறகு வலது. ஒன்பது நாளும் அப்படித்தான் நடந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஷாட் ஓடும்போது டைரக்டர் ‘கட்’ சொல்லாமல் எவனும் அசையக் கூடாது. அசைந்தால் ஷாட் வீண். அசைந்தவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. தேள் கொட்டினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கப் பழகியவர்கள் நாங்கள்.

கொடி அசைந்தது. நான் விசையைத் திருப்பினேன். மழைக்காரர் குழாயைத் திறந்தார். தண்ணீருக்கடியில் படகைத் தாங்கிய இரும்புச் சட்டத்தை ஆறு பேர் கழி போட்டு ஆட்டினார்கள். மேலே பார்த்தேன். இரண்டு தொட்டியும் ஒரே நேரத்தில் கவிழ்ந்தன.

படகு ஒரு பக்கமாகத் தூக்கி, குளத்தின் சுவரில் போய் மோதியது. அக்கா விழுந்தாள். “ஐயோ, காலு! யாராவது வாங்களேன், காப்பாத்துங்க!” என்று அலறினாள். அந்தக் காட்சியில் அவள் அலற வேண்டிய வசனமும் ஏறக்குறைய அதேதான். நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் அசையவில்லை. அக்கா இன்றைக்குப் பிரமாதமாகச் செய்கிறாள் என்று நினைத்தேன் நான். பாவி, அவளுக்குத் தோதாக இருக்கட்டுமென்று காற்றாடியின் வேகத்தைக் கூட்டினேன்.

டூப் மட்டும்தான் கட் சொல்வதற்குமுன் குதித்தான். “எவன்டா அது ஷாட்டைக் கெடுத்தது?” என்று டைரக்டர் மைக்கில் கத்தினார். தண்ணீர் சிவந்த பிறகுதான் கட் வந்தது.

படகுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிய கணுக்கால் நொறுங்கிப் போயிருந்தது. “நாளைக்குக் காலையிலாவது ஆபரேஷன் செய்யணும். தள்ளிப்போட்டா பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும். வேலையில பட்ட அடின்னு கம்பெனி லெட்டர் வேணும், செலவு அவங்க ஏத்துக்கணும்” என்றார் மருத்துவமனை டாக்டர். பேருந்துகூடப் பிடிக்காமல் ஸ்டூடியோவுக்கு ஓடினேன்.

“வாப்பா, உக்காரு” என்றார் மேனேஜர்.

ஒன்பது நாளில் என்னை ஏறிட்டுப் பார்க்காத மனுஷர். நாற்காலியைப் பார்த்ததுமே, இவருக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று யோசித்தேன். டீ வேறு வந்தது.

“அக்காவை நினைச்சா எனக்குச் சோறு இறங்கலை. லெட்டர் ரெடியா இருக்கு பாரு.” கண்ணாடிக் குண்டுக்கு அடியிலிருந்த காகிதத்தைத் தட்டிக் காட்டினார். “நீ இதுல ஒரே ஒரு கையெழுத்துப் போடணும்” என்று டைப் அடித்த இன்னொரு காகிதத்தை நீட்டினார். “தண்ணியண்ணன் தூங்கி வழிஞ்சு ரெண்டு நெம்புகோலையும் இழுத்துட்டான். நீ பாத்தேல்ல?”

“கவுந்ததைப் பாத்தேன் சார். தூங்கினதைப் பாக்கலை.”

“அவனுக்காக நீ பேசுறே. அவன் உன்னைப் பத்தி என்ன சொல்றான் தெரியுமா? ஃபேன்காரன் வேகத்தைக் கூட்டினான், அதனாலதான் படகு தூக்கி அடிச்சுதுங்கிறான்.”

நான் கூட்டியது உண்மைதானே! சாரத்தின் உச்சியிலிருந்து அவர் பார்த்திருப்பார். பார்த்துவிட்டு இங்கே வந்து போட்டுக் கொடுத்திருக்கிறார். அவருக்கு முந்திக்கொண்டு நான் கையெழுத்துப் போட்டால் அக்காவின் கால் பிழைக்கும். பேனாவை வாங்கிவிட்டேன். ஆனாலும் அந்த நாற்காலி உறுத்திக்கொண்டே இருந்தது.

“படிச்சுட்டு வந்து போடுறேன் சார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நேரமாகும்” என்று புளுகிவிட்டுக் காகிதத்தோடு வெளியே வந்தேன்.

முற்றத்தில் நாற்பது பேரும் ஆளுக்கொரு மூலையில் கிடந்தார்கள். மற்ற நாட்களில் ஒரே டிரம்மைச் சுற்றி நின்று டீ குடிக்கிற கூட்டம். நான் வந்ததும் ஒருத்தன் தலையைக் குனிந்துகொண்டான். இன்னொருத்தன் என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினான். எவன் போட்டிருப்பான், எவன் போடவில்லை என்று ஒவ்வொரு முகமாகத் துழாவினேன். அவர்களும் என்னைத் துழாவினார்கள்.

தண்ணியண்ணன் சாரத்தின் அடியில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

“கூடவே இருந்து குழி பறிச்சிட்டியேண்ணே! எங்க அக்கா கையால எத்தனை நாள் சாப்பிட்டிருப்பே? நான் வேகத்தைக் கூட்டினேன்னு எழுதிக் குடுத்தியா?”

அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. “நீ கூட்டினியா?” என்று கேட்டார்.

“தெரியாத மாதிரி கேக்குறே பாரு!”

“சத்தியமா தெரியாதுடா. எனக்குப் படகைத் தவிர எதுவும் கண்ணுல படலை. நான் தூங்கிட்டேன்னு நீ கையெழுத்துப் போட்டுட்டேன்னுல்ல மேனேஜர் சொன்னாரு?” என்று மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

இரண்டையும் சேர்த்துப் பிடித்தோம். ஒரே டைப். ‘மேற்படி நபரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று நேரில் கண்ட நான் உறுதி கூறுகிறேன்.’ என் காகிதத்தில் மேற்படி நபர் அவர். அவர் காகிதத்தில் மேற்படி நபர் நான்.

“அடப்பாவிகளா!” என்று நான் கத்திய கத்தலில் முற்றமே திரும்பிப் பார்த்தது. கழி போட்டு ஆட்டியவர்களில் ஒருத்தன் மெதுவாக எழுந்து வந்தான். அவன் காகிதத்தில் குற்றவாளி மழைக்காரர். மழைக்காரரின் காகிதத்தில் குற்றவாளி கழி போட்ட ஆறு பேர். மேக்கப்காரருக்குக்கூட ஒன்று கொடுத்திருந்தார்கள். கண்ணில் சாயம் பட்டு அக்கா தடுமாறினாளாம்! ஒருத்தன் சிரித்துவிட்டான். சிரிப்பு வரக்கூடிய நேரமா அது? ஆனாலும் நாங்கள் எல்லாருமே சிரித்தோம். பிறகு யாருக்கும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. மூன்று பேர் கையெழுத்துப் போட்டே விட்டிருந்தார்கள். அவர்கள் தாங்களாகவே சொன்னார்கள், நாங்கள் திட்டவில்லை. பேனாவை வாங்கிய கைதான் என்னுடையதும்.

“ரெண்டையும் ஏண்ணே ஒண்ணா இழுத்தே?” என்று டூப் கேட்டான்.

“இழுக்கச் சொன்னாங்க. காதுல வந்துச்சு. யார் நம்புவா? காது என்னோடது மட்டும்தானே.”

மழைக்காரர் தொண்டையைச் செருமினார். நிழலைக் கண்டாலே ஒதுங்கிப் போகிற மனுஷர். “என்கிட்டயும் ஒரு வாக்கிடாக்கி இருந்துச்சு. ‘ஹீரோ கிளம்பணும், ரெண்டு தொட்டியையும் ஒண்ணா விட்டுத் தொலை’ன்னு மேனேஜர் குரல். ‘சார், படகு தாங்காது’ன்னு இவர் சொன்னதும் கேட்டுச்சு. ‘சொன்னதைச் செய், இல்லேன்னா இறங்கிப் போ’ன்னாரு. காலையிலேர்ந்து சொல்லணும்னு வாய் வரைக்கும் வருது. பயந்துட்டேன்பா, மன்னிச்சிருங்க.”

டூப் ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்தான். அவர்கள் எழுதியதை விட்டுவிட்டு நாங்களே எழுதினோம். காவல் நீச்சல்காரர்கள் இல்லை. இரண்டு தொட்டியும் ஒன்றாகக் கவிழ்ந்தது மேனேஜர் உத்தரவில். “நான் வேகத்தைக் கூட்டினதையும் எழுது” என்றேன். “ஆபத்துன்னு தெரிஞ்சே நான் இழுத்ததையும் எழுது. மாட்டேன்னு சொல்லிட்டு இறங்கியிருக்கணும்” என்றார் தண்ணியண்ணன். கடைசியில் இப்படி முடித்தோம்: அவள் அலறியபோது நாங்கள் எல்லாரும் கட் சொல்லுக்காக நின்றுகொண்டிருந்தோம். இனி நிற்க மாட்டோம். காவல் ஆட்கள் வரும்வரை, மருத்துவமனைக்குக் கடிதம் போகும்வரை, குளத்தில் அலை எழாது. அதன் கீழே நாற்பது பேரும் பெயர் எழுதினோம்.

சாயங்காலம் முதலாளி காரில் வந்து இறங்கினார்.

“யாருப்பா இங்க தலைவர்?”

“அப்படி யாருமில்லீங்க. வரிசையா நிக்கிறோம். முன்னால நிக்கிறவர்கிட்ட பேசுங்க” என்றான் டூப். முன்னால் நின்றது, யார் செய்த பாவமோ, மழைக்காரர்! ஆனாலும் நகரவில்லை. தாளை ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

முதலாளி நெற்றியைத் தடவினார். “மனுஷனை மனுஷன் காப்பாத்துறான், அதுதான்யா என் படம். அதுல சம்பந்தப்பட்டவங்களே இப்படி இரக்கமில்லாம வேலையை நிறுத்தலாமா?”

“அதைத்தாங்க நாங்களும் கேக்குறோம். அந்தம்மா ஆஸ்பத்திரியில கிடக்கு” என்றார் மழைக்காரர்.

“நாளைக்கே வேற ஆளுங்களை இறக்கிடுவேன். தெரியுமில்ல?”

“இறக்குங்க முதலாளி. அவங்களுக்கு இந்தத் தாளைப் படிச்சுக் காட்டிட்டு நெம்புகோலைக் கையில குடுங்க” என்றார் தண்ணியண்ணன்.

“ஹீரோ டேட் இன்னும் நாலு நாள்தான் இருக்கு. என்னை நடுத்தெருவுல நிறுத்தப் பாக்குறீங்களா?”

“எங்க அக்கா காலுக்கு இன்னைக்கு ராத்திரி மட்டும்தாங்க இருக்கு” என்றேன்.

முதலாளி “யோசிக்கிறேன்” என்று காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கடிதம் வரவில்லை.

அக்கா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். காலில் மூட்டை மாதிரிக் கட்டு. “லெட்டர் வாங்கினியாடா?”

“இல்லக்கா. குடுக்கறேன்னாங்க. தண்ணியண்ணன் மேல பழி போட்டு நான் கையெழுத்துப் போடணுமாம். போடலை.”

என் காலாக இருந்தால் வீறாப்புக் காட்டலாம்; இது அவள் கால். தாளை நீட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்து ரொம்ப நேரம் படித்தாள்.

“நான் கத்தும்போது நீ வேகத்தைக் கூட்டினியா?”

“நீ நடிக்கிறேன்னு நினைச்சேன்க்கா.”

“அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?” என்றவள் உடனே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும் என்று நின்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எல்லார் பேரும் இருக்கு. என் பேரு எங்கடா?”

“நீ அடிபட்டவ. நீ எதுக்கு…”

“கால் என்னோடது. நான் இல்லாம எனக்காக நீங்க என்ன கேக்குறது? பேனாவைக் குடு.” பெயர்களுக்கு மேலே, தலைப்புக்கும் முதல் வரிக்கும் இடையிலிருந்த சந்தில் நுணுக்கி நுணுக்கித் தன் பெயரை எழுதினாள். “போ. போய் அவங்களோட நில்லு. இங்க என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்தா கால் சேந்துடுமா?”

மருத்துவமனை வாசலில் எங்கள் நாற்பது பேரும் நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் பேர். பக்கத்துத் தளத்தில் வேறொரு படத்துக்கு விளக்குப் பிடிக்கிறவர்கள். எனக்குப் பழைய குணம் போகுமா? இவர்களை யார் அனுப்பியது என்றுதான் முதலில் நினைத்தேன்.

“யாரும் அனுப்பலப்பா” என்றார் அவர்களில் மூத்தவர், கேட்காமலேயே. “நாங்களும் கட் சொல்ற வரைக்கும் நிக்கிறவங்கதான். லெட்டர் வராம எங்க தளத்துலயும் நாளைக்கு லைட் எரியாது. எங்க பேரையும் எழுதிக்கோ.”

தாளை விரித்தேன். அக்காவின் பெயரை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். முன்பக்கத்தில் இடம் இல்லை. தண்ணியண்ணன் குனிந்து முதுகைக் கொடுத்தார். தாளைத் திருப்பி அவர் முதுகின்மேல் வைத்து, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தோம்.