தண்ணீர் படக்கூடாத டூல்

இஞ்சிவிளையில் எங்கள் லேத் பட்டறையை இப்போது பார்த்துக்கொள்பவர் மோகனண்ணன். அன்று அவர் மெஷினை ஓடவிட, நான் ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நின்றேன். எனக்கு முன்கோபம் கொஞ்சம் அதிகம். தண்ணீர்க் குழாயைத் திறக்கக் கூடாது என்று காலையிலிருந்தே மூன்று தடவை சொல்லியாகிவிட்டது.

"அண்ணா, வெள்ளம் திறக்கப்பிடாது."

"எனக்க காது நல்லாத்தான் கேக்கும் டீச்சரே."

எஃகு கடையும்போது சூடு தணிய எண்ணெய் கலந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அது ஆவியாகி மூக்கில் ஏறும். இருபது வருடம் இதே லேத்தில் நின்று அந்த ஆவியைக் குடித்தே என் கணவர் சஜனுக்கு நெஞ்சு கெட்டது. இப்போது காரக்கோணம் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடக்கிறார். கல்லூரியில் பாடம் எடுக்கும் நான் இந்த ஆராய்ச்சியில் இறங்கியதே அவரால்தான். எஃகைச் சீவும் செராமிக் டூலின் முனையில் தலைமுடியைவிட மெல்லிய கோடுகளை லேசரால் போட்டால் எஃகுச் சீவல் ஒட்டாமல் வழுக்கிப் போகும், சூடு குறையும், தண்ணீரே வேண்டாம்.

கோடில்லாத டூல் ஒன்பது நிமிடத்தில் மழுங்கியது. கோடு போட்டவற்றில் இரண்டு, இருபது நிமிடத்தைத் தாண்டின. கடைசியாக இருந்த மூன்றாவதும் தாண்டினால் ஆராய்ச்சி ஜெயித்த மாதிரி. இன்னொன்று செய்துவர ஆறு மாதம் ஆகும். சஜனுக்கு அவ்வளவு நாள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் 'ஜெயித்தாயிற்று' என்று அவர் காதில் ஒரு வார்த்தை போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

பதினொன்றாவது நிமிடத்தில் சீவல் செக்கச்செவேலென்று சுருண்டு வந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். லேத் பழக்கமும் அப்படித்தான். சிவப்பைக் கண்டதும் மோகனண்ணனின் கை தானாகக் குழாய்க்குப் போனது. காய்ந்த சட்டியில் தண்ணீர் விழுந்ததுபோல ஒரு சத்தம், முகத்தை மறைக்கும் வெள்ளைப் புகை. புகை அடங்கியபோது டூலின் முனை இரண்டாகப் பிளந்திருந்தது. செராமிக் எவ்வளவு சூட்டையும் தாங்கும், சட்டென்று குளிர்ந்தால் தாங்காது.

"பாழாக்கீட்டியளே அண்ணா" என்று கத்தினேன். அவர் இருமிக்கொண்டே மெஷினை நிறுத்தினார். உடைந்த துண்டைப் பொறுக்கிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

சஜனிடம் பொய் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. நடந்ததை அப்படியே சொல்லி அழுதேன்.

அவர் மாஸ்க்கை விலக்கி, மூச்சு விட்டு விட்டுப் பேசினார்.

"அது தானா போற கையாக்கும். எனக்க கையும் குழாய்க்குத்தான் போயிருக்கும்."

மாஸ்க்கை மறுபடி வைத்து நாலு மூச்சு இழுத்தார். பிறகு கேட்டார். "வெள்ளம் விட்டப்போ அண்ணன் மூக்குல துணி கெட்டியிருந்தாரா?"

நான் அதைப் பார்க்கவில்லை. டூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இருமியது மட்டும் ஞாபகம் இருந்தது. அதைச் சஜனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.