தழும்பில் போட்ட ஊசி

...வயிற்றில் குத்தினால் தோள் எப்படிக் கேட்கும், வலது தோள்தானே மூன்று வருடமாகக் கழன்று விழுகிற மாதிரி வலிக்கிறது, இந்த ஹேமா டாக்டர் என்னடாவென்றால் பழைய பித்தப்பை ஆபரேஷன் தழும்பைத் தடவிப் பார்த்து, "இங்கிட்டுத்தான் டீச்சர் போடணும்" என்கிறார், மரத்துப்போகச் செய்கிற மருந்துதானாம், தழும்பு சீண்டிவிடுகிற நரம்பை அமைதிப்படுத்துமாம், "எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன், எக்சர்சைஸ விட்றாதீங்க" என்றும் சொல்லிவிட்டார், அதுவே அமிர்தவல்லிக்குப் பிடித்துப்போனது, இதுவரை பார்த்த டாக்டர்கள் எல்லாம் குணமாகிவிடும் என்று அடித்துச் சத்தியம் அல்லவா செய்தார்கள்... மெல்லிய ஊசி, தழும்பு நெடுக எறும்பு கடிக்கிற மாதிரி, அப்புறம் ஓர் இளஞ்சூடு, வெளியே திருமயம் பஸ்ஸின் ஹாரன், கண்ணில் ஏன் நீர் வருகிறது, அழுகை இல்லையே இது... யாரோ அடிக்க வருகிற மாதிரி தோளைக் காதுவரை தூக்கி வைத்துக்கொண்டா இத்தனை நாள் இருந்தேன், இப்போது அது தானாக இறங்குகிறது, பாரம் இறக்கிய மாட்டைப் போல உடம்பு மூச்சு விடுகிறது, கை மேலே எட்டாமல் போர்டின் கீழ்ப்பாதியிலேயே எழுதுவதால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தனக்கு வைத்திருக்கும் 'பாதி போர்டு டீச்சர்' என்ற பெயர் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது, திங்கட்கிழமை போர்டின் உச்சியில் தேதி எழுதினால் அதுகள் முகம் எப்படிப் போகும்...

வெளியே பெஞ்சிலிருந்து கணவர் ரெங்கராஜ் எழுந்து நின்றார். "எப்படி இருக்கு அமிர்தம்?" கையை மெல்லத் தூக்கினாள், தோள், காது, தலைக்கு மேலே... அவர் வாயைப் பிளந்தார். "அட! இனிமே சடைய நீயே பின்னிக்கிருவ!" சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கடைசிச் சொல் ஏன் அப்படித் தணிந்தது, மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற அவர் விரல்கள், எனக்குச் சடை பின்ன வந்த புதிதில் முடியைப் பிய்த்தெடுத்தன, போகப் போக இழை பிசகாமல் பின்னக் கற்றுக்கொண்டன, தினமும் காலையில் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல், கரண்ட் போன கதை, கடைக்கு வந்தவன் கதை... வலி வருவதற்கு முன்னால் காலையில் நாங்கள் என்ன பேசிக்கொண்டோம்? யோசித்தாள், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "இது எத்தன நாளைக்குன்னு யாருக்குங்க தெரியும்" என்றாள், "ஆமாமா, அவசரப்படக் கூடாது" என்று உடனே சொன்னார் அவர், அவ்வளவு உடனே... கை இறகு போல லேசாக இருந்தது, மனசும்தான், ஆனால் நாளைக் காலையில் சீப்பை யார் எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.