சமத்து

பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்து சேரும் அந்த மாலை மையத்தில் ஆளுக்கொரு நோட்டு உண்டு. அன்றைக்குப் பிள்ளை என்ன செய்தது என்று எழுதி, கூட்டிப்போக வருபவரிடம் கொடுக்க வேண்டும். முப்பது பிள்ளைகள், இரண்டே அக்காமார். வாலுகளின் நோட்டு நிரம்பி வழியும். வாயே திறக்காத ஒருத்தி புதிதாக வந்திருந்தாள். எல்லாருக்கும் அவள் ‘பொம்மை’. அவள் நோட்டுக்குச் சின்ன அக்கா சுலபமாக ஒரு சொல் வைத்திருந்தாள்: சமத்து.

ஒருநாள் ஏழு மணிக்குப் பொம்மையின் அம்மா, பஸ் ஓட்டுகிறவள், அந்த நோட்டை மேசைமேல் போட்டாள்.

“பதினோரு நாளா சமத்து, சமத்து! காலைல ஸ்கூல்ல விட்டா இப்பதாங்க பாக்கறேன். வீடு போறதுக்குள்ள தோள்லயே தூங்கிடுறா. எம் பொண்ணப் பத்தி இதுலதான் நான் தெரிஞ்சுக்கணும். நாளையோட நிறுத்திக்கறேன்.”

சின்ன அக்காவுக்குச் சுருக்கென்றது. நீ வந்து முப்பதை மேய்த்துப் பார் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் பதினோரு நாளில் பொம்மை செய்த ஒரு காரியம் சொல் என்றால், சொல்ல ஒன்றுமில்லை. வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் வாலுகளைப் பெரியக்கா தலையில் கட்டிவிட்டு, பொம்மையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“சும்மா உக்காந்துக்கவாடி செல்லம்?”

பொம்மை காகிதம் முழுக்க நீலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து பத்துக்கு எழுந்து, செருப்பு ஸ்டாண்டில் ஏறி ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். ஐயோ விழுந்துவிடப் போகிறாள் என்று சின்ன அக்கா ஓடி இடுப்பைப் பிடித்தாள். தெருமுனையில் நீல பஸ் ஒன்று திரும்பியது. பொம்மை கை கழன்றுவிடும்போல ஆட்டினாள். பஸ் போய்விட்டது.

“யாருடி அது?”

“அம்மா.”

“தினமும் காட்டுவியா?”

“ம். அம்மா ரோட்டதான் பாக்கணும். இங்க பாக்கக் கூடாது.”

அடிப் பாவி, இத்தனை நாளும் இது உன் முதுகுக்குப் பின்னால்தானே நடந்தது என்று சின்ன அக்கா தன்னையே திட்டிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. பொம்மை சொன்னதை ஒரு சொல் விடாமல் நோட்டில் எழுதினாள்.

அன்று மாலை அந்த அம்மா வாசலில் நின்றபடியே படித்தாள். மறுபடி படித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கும் வருவா” என்றாள்.

மறுநாள் ஐந்து பத்துக்குத் தெருமுனையில் ஹாரன் இரண்டு தரம் அடித்தது. மையமே திரும்பிப் பார்க்கும்படி பொம்மை கத்தினாள்.

“அக்கா! எழுது, எழுது! அம்மா ஹாரன் அடிச்சாங்க!”