ஆகையால் என்று தொடங்கும் புத்தகம்

1927ஆம் வருஷம், ஒரு சனிக்கிழமை, லுஹர் எனும் நடுப்பகல் தொழுகை முடிந்த நேரம். இடம், பினாங்கு சூலியா தெருவில் ஷேக் அலாவுதீனின் காகிதக் கடைக்கு மேல்மாடி. வந்திருந்தவர்கள்: ஜன்னலோர மேசையில், மைக்கூடு கைக்கெட்டும்படி, பழநூல் சபையின் காரியதரிசி பக்கிரிசாமி. எதிரே சாய்வு நாற்காலியில் கடைக்காரர் அலாவுதீன். காகிதக் கட்டின்மேல், கால் தரையில் படாமல், துறைமுகக் கிடங்கில் வேலை பார்க்கும் சுப்பையா. சபைக்கு அந்த மூன்றே பேர். உள்ளறை வாசலில் தொங்கிய திரைக்கு அப்பால், அலாவுதீன் 'லாத்தா' என்று கூப்பிடும் அவருடைய அக்கா ஆசியா பீவி பாயில் உட்கார்ந்திருந்தார். பக்கிரிசாமி குறிப்பேட்டில் அவரை எழுதவில்லை. திரைக்கு அப்பால் இருப்பவரை வந்தவராகச் சேர்ப்பதா என்பதற்கு அவரிடம் விதி எதுவும் இல்லை.

மேசைமேல் பச்சைப் பட்டில் சுற்றிய ஒரு பொதி இருந்தது. மூன்று மணிக்குள் தபாலில் சேர்த்தால் நாகப்பட்டினம் கப்பலேறி, கும்பகோணத்துச் சந்திரசேகரன் கைக்குப் போய்விடும். மாற்றாக அவரிடமிருந்து ஒரு புத்தகம் வரும். அதற்காகத்தான் பக்கிரிசாமி ஏழு வருஷமாகத் தவம் கிடந்தார்.

அறுபது வருஷத்துக்கு முந்தி அச்சான ஒரு வானநூலின் இரண்டாம் பாகம் அவரிடம் இருந்தது. அதன் முதல் சொல்லே 'ஆகையால்'. 'ஆகையால் கிரகணத்தன்று சந்திரன் செம்பு நிறங்கொள்ளும்' என்று எடுத்த எடுப்பில் தொடங்கும். எதனால் என்பது முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. முதல் பாகமோ தேடின இடத்தில் எல்லாம் இல்லை. சென்னை, கொழும்பு, இரங்கூன் என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, நகல் வைத்து, நாற்பத்தொரு கடிதம் எழுதிப் பார்த்தார். காரணம் தெரியாதவரல்ல, பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அந்த நூல்காரர் அதை எப்படிச் சொன்னார் என்பது தெரியாமல்தான், பாதி விழுங்கிய கவளம்போலத் தொண்டையில் நின்றது.

நாற்பத்திரண்டாவது கடிதத்துக்குச் சந்திரசேகரன் பதில் போட்டார். முதல் பாகம் என்னிடம் உண்டு, விற்பதற்கில்லை, அரபு எழுத்தில் அழகான கையெழுத்துப் பிரதி ஏதும் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று. பக்கிரிசாமியும் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

பட்டுக்குள் இருந்தது அப்படி ஒன்று. ஆறு வருஷத்துக்கு முன், ஆச்சின் தெருவில் காலி செய்த ஒரு வீட்டின் பழஞ்சாமான்களோடு பக்கிரிசாமியிடம் வந்தது. வேதம் என்று நினைத்து அலமாரியின் உச்சித் தட்டில், மேலே வேறெதுவும் படாமல் வைத்திருந்தார். குளிக்காமல் தொட்டதில்லை. ஒரே ஒருமுறை பிரித்துப் பக்கங்களுக்குப் பென்சிலால் எண் போட்டார். பட்டியலில், 'தொழுகை நூல், அரபு, 142 பக்கம், முன்பக்கங்கள் இல்லை' என்று எழுதினார். யாரிடமும் காட்டவில்லை. இது உன் கையில் எதற்கு என்று ஒருவர் கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது?

"கடிதம் முடிஞ்சுது. உள்ளே என்ன தொழுகைன்னு ஒரு வரி சேர்த்துட்டா முழுசாயிடும்," என்றார் பக்கிரிசாமி. "அண்ணே, கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

அலாவுதீன் கையை மடக்கிக்கொண்டார். "ஓதுற கிதாபுன்னா கைகால் கழுவி ஒளு செய்யாம தொட மாட்டேன் தம்பி. லாத்தா இப்பத்தான் தொழுதுட்டு உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட குடுங்க."

"சீக்கிரம்லா," என்றார் சுப்பையா. "மூணு மணிக்கு மேல காத்திருக்க தபாலாபீஸ்காரன் என்ன என் மச்சானா?"

திரை விலகி ஒரு கை பொதியை வாங்கிக்கொண்டது. தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு.

"தம்பி, பென்சில்ல நம்பர் போட்டது யாரு?" என்று கேட்டார் ஆசியா பீவி.

"நான்தான் அக்கா."

"ஆரம்பத்துல எழுதுற பிஸ்மி நூத்தி நாப்பத்திரண்டுல இருக்கு. வாலைப் பிடிச்சுத் தலைன்னு எண்ணியிருக்கீங்க. இது வலப்பக்கத்துல இருந்து தொறக்கணும்."

சுப்பையா சிரித்த சிரிப்பில் கட்டின்மேலிருந்து சரிந்தேவிட்டார். "முதல் பாகம் தேடி ஊரெல்லாம் கடுதாசி போட்ட ஆளு. கையில இருக்கிறதுக்கு முதல் பக்கம் எதுன்னு தெரியல."

"ஒரு தாள்கூடக் குறையல," என்றது திரைக்கு அப்பாலிருந்து குரல். "இன்னொண்ணு. இது அரபும் இல்ல. எழுத்துத்தான் அரபு, பேச்சு நம்ம தமிழு. எங்க உம்மா இந்த எழுத்துலதான் எனக்குக் கடுதாசி போடும். தொழுகையும் இல்ல. கேளுங்க."

அவர் வாசித்தார்: "கச்சான் காற்று நிலைத்த மாதத்தில் நாகூர் விட்டு ஓடினால் பினாங்குத் துறைக்குப் பதினெட்டு நாள். அறுமீனாகிய கார்த்திகை எழும்புகையில் அதை இடது தோளில் வைத்து ஓட்டு..."

பக்கிரிசாமி பேனாவைக் கீழே வைத்தார். யாரோ ஒரு கப்பல் மாலுமி, காற்றும் நீரோட்டமும் விண்மீனும் பார்த்து எழுதிவைத்த வானநூல். ஆறு வருஷமாகத் தலைக்கு மேலே இருந்திருக்கிறது. மரியாதை மரியாதை என்று தள்ளிவைத்தே அதன் வாயை அடைத்திருக்கிறார்.

"பேசாம கட்டி அனுப்புங்கண்ணே," என்றார் சுப்பையா. "அவரு கேட்டது அரபு எழுத்து. இதுல இருக்கிறதும் அரபு எழுத்துத்தான்."

"அனுப்பினா இது போச்சு," என்றார் அலாவுதீன். "அனுப்பலன்னா அது போச்சு."

"நீங்க அனுப்புங்க, அனுப்பாம இருங்க," என்றார் ஆசியா பீவி. "நான் இந்தப் பக்கத்தை முடிச்சுட்டுத்தான் குடுப்பேன்."

மேசை மணி ஒன்றே முக்கால் காட்டியது. எழுதிய கடிதத்தைப் பக்கிரிசாமி இரண்டாகக் கிழித்தார். தான் எழுதிய கடிதத்தை அவர் கிழித்து அந்த இருவரும் பார்த்ததில்லை. புதுத் தாள் எடுத்து எண் போட்டார்.

'ஐயா, தங்களுக்குத் தருவதாக நான் சொன்ன தொழுகை நூல் என்னிடம் இல்லை. நான் சொன்னது எல்லாமே பிழை. இருப்பது தமிழில் கடலோட்ட நூல். அரபு எழுத்தில் எழுதப்பட்டது. குறைவின்றி முழுமையாக உள்ளது. சனிக்கிழமைதோறும் வாசிக்கக் கேட்டுத் தமிழ் எழுத்தில் இரண்டு படி எடுக்க எண்ணம். ஒரு படி தங்களுக்கு. அதற்கு ஈடாக முதல் பாகத்தைத் தர மனமிருந்தால் என் பாக்கியம். மூலமே வேண்டுமென்றால், கொடுத்த வாக்குப்படி, படியெடுத்த மறுநாளே அனுப்புகிறேன்.'

"மூலத்தையுமா?" என்றார் அலாவுதீன்.

"வாக்கு வாக்குத்தானே அண்ணே."

மாதிரிக்கு முதல் பக்கத்தைச் சேர்த்து அனுப்புவதென்று ஆயிற்று. ஆசியா பீவி நிறுத்தி நிறுத்திச் சொல்ல, பக்கிரிசாமி எழுதினார். பக்கத்தின் அடியில் வந்தார்கள்: "அவ்விடத்தில் நடுக்கடலில் நீர் வெளுத்துத் தெரியும். ஆகையால்..."

"ம், ஆகையால்?" என்றார் பக்கிரிசாமி, பேனாவை மையில் தோய்த்து.

"பக்கம் முடிஞ்சுது. அடுத்ததுல இருக்கு."

"திருப்பாதீங்கக்கா," என்று சுப்பையா காகிதக் கட்டின்மேலிருந்து குதித்து மேசைக்கு வந்தார். "அப்படியே இருக்கட்டும். ஏழு வருஷம் நம்ம ஆளு பட்ட பாட்டை அந்த மனுஷனும் ஒரு மாசம் படட்டும். படி வேணாம், மூலம் வேணாம், அடுத்த பக்கத்தை மட்டும் அனுப்புன்னு தந்தி அடிக்கிறாரா இல்லையா பாருங்க."

அலாவுதீன் வயிறு குலுங்கச் சிரித்தார். பக்கிரிசாமி சிரிக்கவில்லை, ஆனால் அடுத்த பக்கத்தைக் கேட்கவுமில்லை. பேனாவைத் துடைத்து, மறுபடி தோய்த்து, கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தார்: 'வாசித்துப் பொருள் சொன்னவர் ஆசியா பீவி அவர்கள், பினாங்கு.' பிறகு குறிப்பேட்டைத் திருப்பி, வந்திருந்தோர் பட்டியலில் நான்காவது பெயரை எழுதினார்.

"அடுத்த சனிக்கிழமை வாங்க தம்பி," என்றது குரல். "ஆனா அந்த நம்பரையெல்லாம் அழிச்சுட்டுத்தான் மறுபக்கம்."

இரண்டே கால். அரக்கை விளக்கில் காட்டி உறையின் மடிப்பில் சொட்டவிட்டு, சபை முத்திரையை அழுத்தினார். சூடு ஆறுவதற்குள் சுப்பையா உறையை வாங்கிக்கொண்டு படியிறங்கி, தெருவில் போன ரிக்‌ஷாவைக் கைதட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்.